ஜிடிபிக்கு உங்கள் சிப்பை அறிமுகப்படுத்துவது எப்படி?

கார்டெக்ஸ்-எம் (சிறு கருவிகளுக்கான ஆர்ம் ப்ராசஸர் வகை) போர்டு ஒன்றை முதல்முறையாக ஜிடிபி என்ற டீபக்கரோடு, அதாவது ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் மென்பொருளோடு, இணைப்பவர்களில் பலர், இணைத்த மறுகணமே ஒரு பிழைச் செய்தியில் முட்டிக்கொள்கிறார்கள். ரெஜிஸ்டர்களின் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு நினைவிடங்களின்) மதிப்புகளைச் சுமந்து வரும் ‘ஜி’ பாக்கெட்டில் 16ஆம் ரெஜிஸ்டர் துண்டாகிப்போய் வந்திருக்கிறது என்கிறது அந்தச் செய்தி. உடனே கம்பியைக் கழற்றி மாட்டுவார்கள், வேகத்தைக் குறைப்பார்கள், பக்கத்து மேசையிலிருந்து இன்னொரு போர்டைக் கடன் வாங்குவார்கள். கம்பியில் கோளாறே இல்லை. எந்தச் சிப்போடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது டீபக்கருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதைத் தெரியவைப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆர்ம் கார்டெக்ஸ்-எம் வகையறாவை வைத்து விளக்குகிறேன். கடைசியில் ரிஸ்க்-வி என்ற இன்னொரு ப்ராசஸர் இனம் பற்றிக் கொஞ்சம். கட்டளைகளையும் ஹெக்ஸ் எண்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கீபோர்டில் தட்டும்போது அதே ஒலிக்குரிய ரோமன் எழுத்துகளைத் தட்டிக்கொள்ளுங்கள்.

பெயர்ப்பலகை இல்லாத ரயில்

ப்ராசஸர் ஓரிடத்தில் நின்றதும், ஜிடிபி அதன் ரெஜிஸ்டர்களை மொத்தமாகக் கேட்கும். கேள்வி மிகச் சின்னது: ஒரு டாலர் குறி, ‘ஜி’ என்ற ஒற்றை எழுத்து, ஒரு ஹேஷ் குறி, 67 என்ற சரிபார்ப்பு எண். பதிலாக ஹெக்ஸ் இலக்கங்கள் வரிசையாக வந்து கொட்டும். அதில் எந்த ரெஜிஸ்டரின் பெயரும் இருக்காது. பெட்டிகளில் எண் எழுதாத ரயிலைப் போல. எஞ்சினிலிருந்து எண்ணிக்கொண்டே வந்துதான் உங்கள் பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏறுபவர் மனத்தில் இருக்கும் வரிசையும் நிலையத்துக்கு வந்த ரயிலின் வரிசையும் வேறாக இருந்தால் கதை முடிந்தது.

ஆர்முக்கு ஜிடிபி நீண்ட காலம் மனத்தில் வைத்திருந்த வரிசை இது. ஆர்0 முதல் ஆர்15 வரை 16 ரெஜிஸ்டர்கள், தலைக்கு 4 பைட், ஆக 64. அடுத்து எஃப்பிஏ என்ற பழங்காலத்து மிதவைப் புள்ளி (தசமக் கணக்கு) அலகின் 8 ரெஜிஸ்டர்கள், தலைக்கு 12 பைட், ஆக 96. அதன் நிலையைச் சொல்லும் ரெஜிஸ்டருக்கு 4. கடைசியாக சிபிஎஸ்ஆர் என்ற ப்ராசஸர் நிலை ரெஜிஸ்டருக்கு 4. கூட்டினால் 168 பைட்.

கார்டெக்ஸ்-எம்3 இல் எஃப்பிஏ கிடையாது. அது அனுப்புவது 17 ரெஜிஸ்டர்கள், 68 பைட். முதல் 64 பைட் ஒழுங்காகப் பொருந்திவிடும். மீதி 4 பைட்டை எடுத்துக்கொண்டு, 12 பைட் இருக்க வேண்டிய எஃப்0 என்ற இடத்தில் வைத்துப் பார்க்கிறது ஜிடிபி. போதவில்லை. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் எஃப்0 தான் 16ஆம் ரெஜிஸ்டர். மேலே சொன்ன பிழைச் செய்தி அங்கிருந்துதான் வருகிறது. பதில் எதிர்பார்த்ததைவிட நீளமாக வந்தால் வேறொரு செய்தி: பாக்கெட் மிக நீளம், இத்தனை பைட் எதிர்பார்த்தேன், இத்தனை வந்தது என்று கணக்கோடு சொல்லும்.

பிழைச் செய்தி வந்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். நீளம் தற்செயலாகப் பொருந்தி, வரிசை மட்டும் மாறியிருந்தால் ஒரு முணுமுணுப்பும் இருக்காது. தவறான எண்களை உண்மை என்று நம்பி இரண்டு நாள் உட்கார்ந்திருப்பீர்கள்.

எஃப்பிஏ வழக்கொழிந்துபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் சிப்பின் ரெஜிஸ்டர் பட்டியலை ஜிடிபிக்குச் சொல்லும் இன்றைய விவரணக் கோப்புகளில்கூட சிபிஎஸ்ஆரின் எண் 16 அல்ல, 25. நடுவில் எட்டு எஃப்பிஏ ரெஜிஸ்டர்களும் அதன் நிலை ரெஜிஸ்டரும் இருந்த காலத்தின் தழும்பு அது. வீட்டை இடித்த பிறகும் கதவு எண் நிற்பதைப் போல.

முதல் வேலை: ஜிடிபி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது?

ஜிடிபிக்கு ப்ராசஸரைப் பற்றி மூன்று வழிகளில் தகவல் போகிறது. நீங்கள் ‘செட் ஆர்கிடெக்சர்’ என்று நேரடியாகச் சொல்வது ஒன்று. நீங்கள் திறந்த எல்ஃப் கோப்பு (கம்பைல் செய்த நிரல்) சொல்வது இரண்டு. எதிர்முனை (சிப்பின் பக்கமிருந்து ஜிடிபிக்குப் பதில் சொல்லும் மென்பொருள்) தானாக அனுப்பும் விவரணம் மூன்று. இவை ஒன்றோடொன்று முரண்பட்டால், தேர்ந்தெடுத்த ஆர்கிடெக்சரும் எதிர்முனை சொல்வதும் ஒத்துவரவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். புதியவர்கள் அதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள்.

எல்ஃப் கோப்பின் பங்கு பலருக்குத் தெரிவதில்லை. கார்டெக்ஸ்-எம்4 என்று சொல்லி கம்பைல் செய்தால், கோப்புக்குள் ஒரு சிறு பகுதியில் ‘இது எம் வகை’ என்று கம்பைலர் குறித்துவைக்கிறது. ஜிடிபி அதைப் படித்துவிட்டுத் தன் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ளும். ஆகவே எல்ஃப் கோப்பைத் திறந்து இணைத்தால் வேலை செய்வது, திறக்காமல் வெறுமனே இணைத்தால் முறிவது உண்டு. யாராவது ‘நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை’ என்று வந்தால் நான் முதலில் கேட்பது கோப்பைத் திறந்தீர்களா என்றுதான்.

எம் வகை என்று தெரிந்துவிட்டால் ஜிடிபி இன்னொரு சாமர்த்தியமும் செய்யும். விவரணம் எதுவும் வராவிட்டால் பதிலின் நீளத்தை வைத்து ஊகிக்கும். 68 பைட் என்றால் மிதவைப் புள்ளி அலகு இல்லாத சிப். 168 என்றால் பழைய வரிசை. 200 என்றால் மிதவைப் புள்ளி ரெஜிஸ்டர்களும் சேர்ந்த சிப். ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் நீங்கள் ஒரே ஒரு ரெஜிஸ்டரைக் கூடுதலாகச் சேர்த்தால் போதும், 72 பைட்டுக்கு அதனிடம் பதில் இல்லை.

இப்போது ‘ஷோ ஆர்கிடெக்சர்’ என்று கேளுங்கள். பிறகு ‘மெயின்ட் பிரின்ட் ரிமோட்-ரெஜிஸ்டர்ஸ்’ என்று தட்டுங்கள். எந்த ரெஜிஸ்டர் பாக்கெட்டில் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று முழு அட்டவணையையும் காட்டும். பக்கத்தில் ஒரு தாளில் உங்கள் சிப்பின் வரிசையை எழுதி ஒப்பிடுங்கள். இணைப்பதற்கு முன் ‘செட் டீபக் ரிமோட் 1’ என்று போட்டால், போய்வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் திரையில் ஓடும். ஒரே ஒரு எச்சரிக்கை: பைட் வரிசை தலைகீழாக இருக்கும். பிசி என்ற ரெஜிஸ்டரில் (அடுத்து ஓடவிருக்கும் கட்டளையின் முகவரி) 08000130 இருந்தால், பாக்கெட்டில் 30010008 என்று வரும். முதல்முறை பார்க்கும்போது எல்லாரும் தடுமாறுகிறோம்.

ஆர்ம், ரிஸ்க்-வி இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து வேலை செய்பவர்கள், டெபியனிலும் உபுண்டுவிலும் கிடைக்கும் ஜிடிபி-மல்டிஆர்க் தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம். ஓர் இனத்துக்கென்றே கட்டிய ஜிடிபி மற்ற இனத்தை அடையாளமே காணாது.

இரண்டாம் வேலை: சிப்பிடமே கேளுங்கள்

பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதையோ விற்றவர் சொன்னதையோ நம்ப வேண்டாம். கார்டெக்ஸ்-எம் சிப் ஒவ்வொன்றும் தன் அடையாளத்தைத் தானே ஒரு முகவரியில் வைத்திருக்கிறது: 0எக்ஸ்இ000இடி00. சிபியுஐடி என்று பெயர். ஜிடிபி இணைந்திருந்தால் அந்த முகவரியில் ஒரு சொல்லைப் படித்துப் பாருங்கள். நினைவகத்தை அணுக முடியவில்லை என்று மறுத்தால், ‘செட் மெம் இன்அக்ஸசிபிள்-பை-டிஃபால்ட் ஆஃப்’ என்று சொல்லிவிட்டு மறுபடியும் படியுங்கள். நினைவக வரைபடத்தில் இல்லாத முகவரியைத் தொடாமல் இருப்பது ஜிடிபியின் இயல்பு.

ஜிடிபியே இணைய மறுக்கிறது என்றால் வேறு வாசல் உண்டு. நடுவில் ஓபன்ஓசிடி (ஜிடிபியையும் சிப்பையும் இணைக்கும் மென்பொருள்) ஓடிக்கொண்டிருந்தால், ஜிடிபிக்கு 3333 என்ற போர்ட், டெல்நெட்டுக்கு 4444. டெல்நெட் வழியாக உள்ளே போய் ‘எம்டிடபிள்யூ’ என்று தட்டி முகவரியைக் கொடுங்கள். ரெஜிஸ்டர் வரிசைச் சண்டை அங்கே குறுக்கே வராது.

வரும் எண்ணைப் பிரிப்பது சுலபம். 410எஃப்சி241 என்று வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கம் 41: வடிவமைத்தது ஆர்ம். அடுத்த 0 பெரிய திருத்த எண். அடுத்த எஃப் கட்டமைப்பைக் குறிப்பது. கார்டெக்ஸ்-எம்0 போன்ற ஆர்ம்வி6-எம் சிப்களில் இந்த இடத்தில் சி இருக்கும். அடுத்த மூன்று இலக்கம்தான் முக்கியம்: சி24. இது கார்டெக்ஸ்-எம்4. கடைசி 1 சிறு திருத்த எண். சி20 என்றால் எம்0. சி60 என்றால் எம்0 பிளஸ். சி23 என்றால் எம்3. சி27 என்றால் எம்7. டி21 என்றால் எம்33.

இதோடு முடிந்தது என்று நினைத்துத்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன். எம்4 என்பது மட்டும் போதாது. மிதவைப் புள்ளி அலகோடும் எம்4 உண்டு, அது இல்லாமலும் உண்டு. இரண்டுக்கும் சிபியுஐடி ஒன்றே. அதற்கு 0எக்ஸ்இ000இஎஃப்40 என்ற முகவரியையும் படிக்க வேண்டும். பூஜ்யம் வந்தால் அலகு இல்லை. 10110021 வந்தால் ஒற்றைத் துல்லியம் மட்டும். எம்4 இல் காண்பது இது. 10110221 வந்தால் இரட்டைத் துல்லியமும் உண்டு. எம்7 சிப்களில் காணலாம்.

இந்த ஒரு வித்தியாசம் ரெஜிஸ்டர் பட்டியலோடு நிற்பதில்லை. இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு) வரும்போது சாதாரணமாக ஸ்டாக்கில் 8 சொற்கள், அதாவது 32 பைட் போய் உட்காரும். மிதவைப் புள்ளிக் கணக்கின் நடுவே இன்டரப்ட் வந்தால் 26 சொற்கள், 104 பைட். எது நடந்தது என்று தெரியாத டீபக்கர், இன்டரப்டுக்கு முன் யார் யாரை அழைத்தார் என்ற சங்கிலியைத் தவறான இடத்தில் தேடும். ‘பேக்ட்ரேஸ்’ கேட்டால் இல்லாத ஃபங்ஷன்களின் பெயரெல்லாம் வரும்.

போலியும் ஒரு ரகம்தான்

எஸ்டிஎம்32எஃப்103 என்று மேலே அச்சிட்ட நீல நிறக் குட்டி போர்டுகளில் சிலவற்றை மலிவு விலைக்கு வாங்கியிருந்தேன். ஐந்தில் மூன்று ஓடின. இரண்டை ஓபன்ஓசிடி திருப்பி அனுப்பிவிட்டது: எதிர்பார்த்த அடையாள எண் 1பிஏ01477, வந்தது 2பிஏ01477. இணைப்பை ஏற்கும் டீபக் போர்ட்டின் எண் அது. சிபியுஐடியைப் படித்தேன். ஓடிய மூன்றிலும் 411எஃப்சி231. மறுத்த இரண்டிலும் 412எஃப்சி231. இரண்டுமே கார்டெக்ஸ்-எம்3 தான். ஆனால் திருத்தம் வேறு. மேலே அச்சு ஒன்று, உள்ளே சிலிக்கான் வேறு.

இதற்கு இணையத்தில் எங்கும் கிடைக்கும் வைத்தியம், ஓபன்ஓசிடி அமைப்புக் கோப்பில் சிபியுடிஏபிஐடி என்ற மதிப்பை (எதிர்பார்க்கும் அடையாள எண்ணை) 0 ஆக்குவது. அதாவது யார் வந்தாலும் கதவைத் திறந்துவிடு என்று சொல்வது. நான் அதைச் செய்வதில்லை. 2பிஏ01477 என்று வெளிப்படையாக எழுதி, அந்த அமைப்புக் கோப்பை வேறு பெயரில் சேமித்து, போர்டின் பின்புறம் மார்க்கரில் ஒரு புள்ளி வைத்துவிடுகிறேன். ஆறு மாதம் கழித்து அந்த போர்டை எடுக்கும்போது, எந்த ரகம் என்று புள்ளி சொல்லும்.

மூன்றாம் வேலை: விவரணக் கோப்பு

உங்களுக்கும் சிப்புக்கும் நடுவே ஓபன்ஓசிடி இருந்தால் மேலே சொன்ன கேள்விகளை அதுவே சிப்பிடம் கேட்டு, அதற்கேற்ற விவரணத்தை ஜிடிபிக்கு அனுப்பிவிடும். அமைப்புக் கோப்பில் யாராவது ‘ஜிடிபி_டார்கெட்_டிஸ்கிரிப்ஷன் டிசேபிள்’ என்று எழுதி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பழைய வலைப்பதிவுகளிலிருந்து நகலெடுத்த கோப்புகளில் இந்த வரி ஒளிந்திருக்கும்.

எதிர்முனை விவரணம் அனுப்பாத வகை என்றால் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். அது ஒரு சிறிய எக்ஸ்எம்எல் கோப்பு. வெளியே ‘டார்கெட்’ என்ற உறுப்பு. அதற்குள் ‘ஆர்கிடெக்சர்’ உறுப்பில் ஆர்ம் என்ற சொல். அடுத்து ‘ஃபீச்சர்’ உறுப்பு. இதன் பெயர்தான் உயிர்: ஆர்க்.க்னூ.ஜிடிபி.ஆர்ம்.எம்-ப்ரொஃபைல். இந்தப் பெயரைப் பார்த்துத்தான் ஜிடிபி உள்ளே இருப்பதன் பொருளைப் புரிந்துகொள்கிறது. ஓர் எழுத்து தவறினாலும் அது வெறும் அந்நியப் பட்டியல். ஃபீச்சருக்குள் ரெஜிஸ்டருக்கு ஒன்றாக ‘ரெக்’ உறுப்புகள்: ஆர்0 முதல் ஆர்12 வரை, எஸ்பி (ஸ்டாக் முகவரி), எல்ஆர் (திரும்பும் முகவரி), பிசி, கடைசியாக எக்ஸ்பிஎஸ்ஆர் (எம் வகையின் நிலை ரெஜிஸ்டர்). ஒவ்வொன்றுக்கும் பெயர், பிட் அளவு 32. எஸ்பிக்குத் தரவு முகவரி வகை, பிசிக்குக் குறிமுறை முகவரி வகை.

இங்கே புதியவர்கள் தவறி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது, பழைய ஆர்ம் கோப்பை நகலெடுத்து எக்ஸ்பிஎஸ்ஆர் இருக்க வேண்டிய இடத்தில் சிபிஎஸ்ஆர் என்றே விட்டுவிடுவது. ஜிடிபி கோப்பு முழுவதையும் நிராகரித்துவிடும். எதிர்முனை தந்த விவரணத்தை ஆர்கிடெக்சர் ஏற்கவில்லை என்ற ஒற்றை வரி எச்சரிக்கைதான் மிஞ்சும், எந்த ரெஜிஸ்டர் குறை என்று சொல்லாது. இரண்டாவது, மிதவைப் புள்ளிப் பகுதி. எம்4 இன் அலகு ஒற்றைத் துல்லியம் என்பதால் எஸ்0 முதல் எஸ்31 வரை எழுதத்தான் கை போகும். ஜிடிபி கேட்பது அதுவல்ல. ஆர்க்.க்னூ.ஜிடிபி.ஆர்ம்.விஎஃப்பி என்ற ஃபீச்சரில் டி0 முதல் டி15 வரை 64 பிட் ரெஜிஸ்டர்கள் 16, கூடவே எஃப்பிஎஸ்சிஆர் என்ற மிதவைப் புள்ளி நிலை ரெஜிஸ்டர். எஸ்0, எஸ்1 என்பவற்றை அதிலிருந்து ஜிடிபி தானே உருவாக்கிக்கொள்ளும். இப்போது கூட்டிப் பாருங்கள்: 68 உடன் 128, அதோடு 4. சரியாக 200. முன்னே ஊகத்தில் வந்த அதே எண்.

கோப்பை ‘செட் டிடெஸ்க் ஃபைல்நேம்’ என்று சொல்லிக் கொடுங்கள், பிறகு இணையுங்கள். எக்ஸ்எம்எல் ஆதரவு இல்லாமல் கம்பைல் செய்த ஜிடிபி என்று செய்தி வந்தால், உங்கள் ஜிடிபியை எக்ஸ்பாட் நூலகம் இல்லாமல் யாரோ கட்டியிருக்கிறார்கள். வேறு தொகுப்பைத் தேடுங்கள். கோப்பைத் திருத்திப் பயனில்லை.

சொந்தமாக ஸ்டப் எழுதுகிறவர்களுக்கு

கையில் ஜேடேக் (சிப்பின் டீபக் கால்களில் இணைக்கும்) கருவி இல்லாமல் சீரியல் கம்பி வழியாகவே டீபக் செய்யலாம் என்று, சிப்புக்குள் ஓடி ஜிடிபிக்குப் பதில் சொல்லும் ஸ்டப் என்ற சிறு நிரலை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான். இங்கே டீபக்கரை ரகத்துக்கேற்ப வளைக்கும் வேலை முழுவதும் உங்கள் கையில்.

இணைந்ததும் ஜிடிபி ‘கியூசப்போர்ட்டட்’ என்று கேட்கும். பதிலில் உங்கள் பாக்கெட் அளவையும், ‘கியூஎக்ஸ்ஃபெர்:ஃபீச்சர்ஸ்:ரீட்’ என்பதோடு ஒரு கூட்டல் குறியையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தக் கூட்டல் குறியைப் பார்த்தபின்தான் ஜிடிபி, டார்கெட்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பைத் துண்டுதுண்டாகக் கேட்கத் தொடங்கும்: எந்த பைட்டிலிருந்து, எத்தனை பைட். நீங்கள் தரும் ஒவ்வொரு துண்டின் முதல் எழுத்து, இன்னும் இருக்கிறது என்றால் ‘எம்’, இதுவே கடைசி என்றால் ‘எல்’. இந்த ஓர் எழுத்தை மறந்து, கோப்பின் முதல் எழுத்தையே அதாக அனுப்பித் திணறிய ஸ்டப்களை நான் பார்த்திருக்கிறேன், என்னுடையது உட்பட. ஹேஷ், டாலர், நட்சத்திரம், மூடும் நெளி அடைப்பு ஆகிய நான்கையும் அப்படியே அனுப்பக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த ரகத்துக்கும் ஓடும் ஸ்டப் வேண்டுமென்றால், விவரணத்தை மாறாத ஒரே உரையாக வைக்காதீர்கள். நிரலுக்குள் ஓர் அட்டவணை போடுங்கள்: பெயர், பிட் அளவு, மதிப்பு எங்கே இருக்கிறது, எந்த நிபந்தனையில் சேர்க்க வேண்டும். ஆர்0 முதல் எக்ஸ்பிஎஸ்ஆர் வரை நிபந்தனை கிடையாது. டி0 முதல் எஃப்பிஎஸ்சிஆர் வரை, மேலே படித்த 40இல் முடியும் முகவரியில் பூஜ்யம் அல்லாத மதிப்பு இருந்தால் மட்டும். பேஸ்ப்ரை, ஃபால்ட்மாஸ்க் (இன்டரப்டுகளைத் தடுக்கும் ரெஜிஸ்டர்கள்) இரண்டும் எம்3, எம்4, எம்7 போன்ற சிப்களில் மட்டும். எம்0 இல் அவை இல்லவே இல்லை. இந்த இரண்டையும் உங்கள் சொந்தப் பெயரில் ஒரு தனி ஃபீச்சராக வையுங்கள். தெரியாத ஃபீச்சரை ஜிடிபி பொருள் காணாமல் அப்படியே காட்டிவிடும், கோபித்துக்கொள்ளாது.

எக்ஸ்எம்எல் உரை, ‘ஜி’ பதில் ஆகிய இரண்டும் இந்த ஒரே அட்டவணையிலிருந்து பிறக்க வேண்டும். இரண்டு இடத்தில் தனித்தனியாக எழுதினால், என்றோ ஒருநாள் ஒன்றில் ஒரு வரியைச் சேர்த்து மற்றதில் மறப்பீர்கள். தொடக்கத்தில் பார்த்த அந்தப் பெட்டிக் குழப்பத்தை நீங்களே உண்டாக்கியதாகும்.

சோதிக்க ஒரு வழி: அசெம்பிளியில் பத்துப் பதினைந்து வரி எழுதி, ஆர்0 இல் 0, ஆர்1 இல் 01010101, ஆர்2 இல் 02020202 என்று ஆர்12 வரை நிரப்பி, ஒரு பிகேபிடி கட்டளையில் நிறுத்துங்கள். ‘இன்ஃபோ ரெஜிஸ்டர்ஸ்’ கேட்டால் படிக்கட்டு போல எண்கள் ஏறி வர வேண்டும். ஓரிடத்தில் படி சறுக்கினால், எந்த ரெஜிஸ்டரிலிருந்து வரிசை நகர்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். மிதவைப் புள்ளிக்கும் இதையே செய்யுங்கள். டி0 இன் கீழ்ப்பாதி எஸ்0, மேல்பாதி எஸ்1 என்பதை அங்கே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பிரேக்பாயின்ட் கணக்கு

ரெஜிஸ்டர் ஒழுங்கானதும் அடுத்து உதைப்பது இது. ஃப்ளாஷ் நினைவகத்தில் ஓடும் நிரலை ஓரிடத்தில் நிறுத்த, வன்பொருள் பிரேக்பாயின்ட்தான் வைக்க முடியும்; அதன் எண்ணிக்கை ரகத்துக்கு ரகம் மாறும். எம்0 வகைக்கு அதிகபட்சம் 4, எம்3க்கும் எம்4க்கும் 6, எம்7க்கு 8. சிப் தயாரிப்பவர் குறைத்தும் வைத்திருக்கலாம்.

எம்3, எம்4 இல் 0எக்ஸ்இ0002000 முகவரியைப் படியுங்கள். 260 என்று வந்தால், அதில் உள்ள 6 கட்டளைகளுக்கான ஒப்பீட்டு அலகுகளின் எண்ணிக்கை, 2 மாறிலிகளுக்கானது. 261 என்றால் அதே கணக்கு. அந்தப் பகுதி இப்போது இயக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் பொருள். கிடைத்த எண்ணை ‘செட் ரிமோட் ஹார்ட்வேர்-பிரேக்பாயின்ட்-லிமிட் 6’ என்று ஜிடிபிக்குச் சொல்லிவிடுங்கள். இந்தச் சிப்களில் இந்த அலகுகள் 0எக்ஸ்20000000க்குக் கீழே உள்ள முகவரிகளுக்கு மட்டுமே வேலை செய்யும். ரேமில் ஓடும் நிரலுக்கு மென்பொருள் பிரேக்பாயின்ட் வையுங்கள். அதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை.

ரிஸ்க்-வி: ரகங்களின் திருவிழா

ஆர்மில் ரகங்கள் என்பவை ஒரே வீட்டு அண்ணன் தம்பி. ரிஸ்க்-வியில் யார் வேண்டுமானாலும் தமக்குத் தேவையான உறுப்புகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் விதியே. ஐஐடி மெட்ராஸின் சக்தி திட்டத்தில்கூட சிறிய இ-வகுப்பும் பெரிய சி-வகுப்பும் தனித்தனி. சிப் வடிவத்தையே ஏற்றிப் பார்க்க உதவும் ஆர்ட்டி போர்டுகளுக்கு அவர்கள் தரும் வடிவங்களில் பினாகா, பரசு இரண்டும் 32 பிட், வஜ்ரா 64 பிட். ஒரே திட்டம், ஒரே மாதிரி போர்டு. ஆனால் ‘ஜி’ பதில் ஒன்றில் 33 ரெஜிஸ்டருக்கு 132 பைட், மற்றதில் 264 பைட். தவிர, 32 ரெஜிஸ்டருக்குப் பதில் 16 மட்டும் வைத்திருக்கும் இ என்ற குறுங்கட்டமைப்பும் உலகில் உண்டு.

அடையாளம் கேட்க மிசா என்ற ரெஜிஸ்டர், எண் 0எக்ஸ்301. மேல் இரண்டு பிட்டில் 1 என்றால் 32 பிட், 2 என்றால் 64 பிட். கீழே 26 பிட்டுகள், எழுத்துக்கு ஒன்று: இந்தச் சிப்பில் எந்தெந்த நீட்சிகள் உண்டு என்று. அழகான ஏற்பாடுதான். ஆனால் மிசாவைப் பூஜ்யமாக வைக்கவும் விதி அனுமதிக்கிறது. மேலும், மேல் இரண்டு பிட் எங்கே இருக்கின்றன என்று தெரிய, ரெஜிஸ்டர் 32 பிட்டா 64 பிட்டா என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். கோழியா முட்டையா கதை. ஓபன்ஓசிடி இதைச் சுற்றிப்போகும் விதம் எனக்குப் பிடிக்கும்: ஒரு ரெஜிஸ்டரை 64 பிட்டாகப் படித்துப் பார்க்கும், சிப் மறுத்தால் 32 பிட் என்று முடிவு செய்யும். மிசாவை அதற்குப் பிறகுதான் தொடும்.

கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்களுக்கு ரிஸ்க்-வியில் 4096 எண்கள் ஒதுக்கியிருக்கிறார்கள்; எந்தச் சிப்பும் எல்லாவற்றையும் வைத்திருப்பதில்லை. ‘இன்ஃபோ ஆல்-ரெஜிஸ்டர்ஸ்’ கேட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். விவரணத்தில் உங்கள் சிப்பில் உண்மையில் இருப்பவற்றை மட்டும் எழுதினால் அந்தக் காத்திருப்பும் போகும், இல்லாததைப் படித்து வரும் பிழைகளும் போகும்.

எல்லாவற்றையும் ஒரு கட்டளையாக

பலவகை போர்டுகளை மாற்றி மாற்றி இணைப்பவர்கள், ஜிடிபிக்குள் இருக்கும் பைதானில் ஒரு சொந்தக் கட்டளையை எழுதி ஜிடிபியின் தொடக்கக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். அது செய்ய வேண்டியவை: இணை, சிபியுஐடியைப் படி, நடு மூன்று இலக்கத்தை எடு, எம்4 அல்லது எம்7 என்றால் மிதவைப் புள்ளி அலகைக் கேள், அதற்குரிய விவரணக் கோப்பைத் தேர்ந்தெடு, பிரேக்பாயின்ட் எண்ணிக்கையைப் படித்து வரம்பை வை. இணைந்த பிறகும் ‘செட் டிடெஸ்க் ஃபைல்நேம்’ சொல்லலாம். ஜிடிபி விவரணத்தை அப்போதே மறுபடி படித்துக்கொள்ளும். மொத்தம் நாற்பது ஐம்பது வரிக்குள் அடங்கிவிடும்.

பட்டியலில் இல்லாத எண் வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். தெரிந்த ரகங்களில் நெருங்கியதை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எழுதியிருந்தேன். இப்போது என் ஸ்கிரிப்டில் அந்தக் கிளையில் இரண்டே வரிகள்: வந்த எண்ணை அச்சிடு, இணைப்பைத் துண்டி.